தலைநகரம் பார்க்கப் போய் நீச்சத்தண்ணி குடித்து வந்த கதை

பத்தொன்பது வருஷமாகச் சமூக அறிவியல் எடுக்கிறேன். பாண்டியர் பாடம் வரும்போதெல்லாம் கொற்கை அவர்களுடைய பழைய தலைநகரம், துறைமுகம், முத்துக்குப் பேர்போன ஊர் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவேன். பாளையங்கோட்டையில் இருந்து ஒன்றரை மணி நேரப் பயணத்தில் இருக்கிற ஊர். ஒரு தடவைகூடப் போனதில்லை. போன மே மாத விடுமுறையில் போயே தீருவது என்று முடிவுசெய்து வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவர் செய்தித்தாளில் இருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை. “அங்க என்ன கெடக்குன்னு போற? கொளமும் வாழையும்தான்” என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. தனியாகவே போகிறேன் என்று சொல்லிவிட்டேன். அவர் சொன்னது பாதி சரி என்பதை ஒப்புக்கொள்ள எனக்கு ரெண்டு வாரம் ஆனது.

போடும்போது திட்டம் அழகாகத்தான் இருந்தது. காலையில் கொற்கை, பாண்டியரின் ஆதித் தலைநகரம். மத்தியானம் திரும்பி வந்து சாயங்காலம் செங்கோட்டை பாசஞ்சரில் தென்காசி, பிற்காலப் பாண்டியர் கடைசியாக ஒதுங்கின தலைநகரம். ராத்திரி அங்கே தங்கி விடிந்ததும் காசி விசுவநாதர் கோயில். கதையின் தலையும் வாலும் ஒன்றரை நாளில் முடிந்துவிடும். தென்காசியில் ஒரு லாட்ஜில் தொள்ளாயிரம் ரூபாய் அட்வான்ஸ் போனிலேயே அனுப்பினேன். ‘ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்காது’ என்று கீழே பொடி எழுத்தில் இருந்தது. படித்தேன். நான் எதற்கு ரத்து செய்யப் போகிறேன் என்றுதான் நினைத்தேன்.

முதல் தப்பு கிளம்பின நேரம். ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டியவள், அவருக்கு மத்தியானத்துக்குக் குழம்பு வைத்து, மாவை எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்து, துணியைக் காயப்போட்டு, புது பஸ் ஸ்டாண்டில் ஏரல் பஸ் ஏறும்போது மணி ஒன்பதே முக்கால். ஒரு நாள் ஊரைவிட்டுப் போவதற்கு ரெண்டு நாள் வேலையை முடித்துவைத்துவிட்டுப் போகிற இந்தப் பழக்கத்தைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். வழியில் ஆதிச்சநல்லூர் வந்தது. 1876இல் யாகோர் என்ற ஜெர்மன்காரர் தோண்டி, பிறகு அலெக்சாண்டர் ரீ வந்து முதுமக்கள் தாழிகளும் பொன் நெற்றிப்பட்டங்களும் எடுத்த அதே பரம்பு, பஸ் ஜன்னலில் செம்மண் மேடாகக் கடந்து போனது. இறங்கலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். திரும்பும்போது நான் இருந்த நிலையில் கண்ணையே திறக்கவில்லை.

ஏரல் சேரும்போது பதினொன்றரை. பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை வைத்திருந்த ஒரு அண்ணாச்சியிடம் கொற்கை பஸ் எப்போது என்று கேட்டேன். “இப்பந்தான் போச்சு டீச்சர், அடுத்தது ரெண்டு ரெண்டரை ஆவும்” என்றார். நான் டீச்சர் என்பது எப்படித் தெரிந்தது என்று கேட்கவில்லை. குடையும் கைப்பையும் காட்டிக்கொடுத்திருக்கும். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாதே என்று வீட்டிலேயே கணக்குப் போட்டு வைத்திருந்தேன். பஸ் வந்தால்தானே டிக்கெட் இல்லாமல் போவதற்கு! அண்ணாச்சி கடைச் சுவரில் என் தோளுக்கு மேலே பழுப்பாக ஒரு கோடு ஓடியது. 2023 டிசம்பர் வெள்ளம் நின்ற மட்டம் என்றார். அந்த வாரம் ஆறு ஊருக்குள் வந்து பாலத்தையும் உடைத்த கதையை ஒரு பத்து நிமிஷம் சொன்னார். சுவாரசியமாகத்தான் இருந்தது. வெயில் ஏறிக்கொண்டிருப்பது மட்டும் என் புத்தியில் உறைக்கவில்லை.

ஆட்டோக்காரத் தம்பி இருநூற்றைம்பது கேட்டார். இருந்து கூட்டிவர இன்னொரு முந்நூறு என்றார். இங்கேதான் நான் ரெண்டாவது தப்பைச் செய்தேன். அஞ்சாறு கிலோமீட்டருக்கு ஐந்நூற்றைம்பதா என்று கணக்குப் பார்த்து, திரும்ப ரெண்டரை மணி பஸ்ஸைப் பிடித்துக்கொள்கிறேன், நீங்கள் போங்கள் தம்பி என்று இறக்கிவிட்டதும் அனுப்பிவிட்டேன். அவர் நம்பரையாவது வாங்கினேனா? இல்லை. அந்த முந்நூறு ரூபாயை மிச்சம்பிடித்ததில் அன்றைக்கு எனக்கு என்ன செலவானது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

கொற்கைக்குப் போகிற எல்லோருக்கும் இதை முதலில் சொல்ல வேண்டும். அங்கே தலைநகரம் எதுவும் நின்றுகொண்டிருக்கவில்லை. கோட்டை, அரண்மனை, துறைமுகம் ஒன்றும் கிடையாது. நான் பார்த்துவிட்டுப் போன வீடியோ பன்னிரண்டு நிமிஷம் ஓடியது. ட்ரோனில் எடுத்த குளம், பின்னணியில் உடுக்கை, ஒவ்வொரு இடமும் அடுத்தடுத்து இருப்பதுபோல ஒட்டி வைத்திருந்தார்கள். நேரில் அது ஒரு சாதாரண விவசாய ஊர். வாழை, தெருவில் நாலு ஆடு, ஓட்டு வீடுகள், காரை வீடுகள். கடலே அங்கே இல்லை. தாமிரபரணி கொண்டுவந்து கொட்டின வண்டலில் முகத்துவாரம் தூர்ந்து, கடல் ஐந்தாறு கிலோமீட்டர் கிழக்கே தள்ளிப் போய்விட்டது. துறைமுகமும் அதன் பின்னாலேயே பழையகாயலுக்குப் போனது. பதிமூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ வந்து பார்த்தபோது கொடிகட்டிப் பறந்தது காயல்தான், கொற்கை இல்லை. பிறகு அந்தக் காயலும் தூர்ந்தது. இதெல்லாம் எனக்குத் தெரியும். பரீட்சைக்குக் கேள்வியாகவே கொடுத்திருக்கிறேன். தெரிந்தும் மனசுக்குள் ஏதோ ஒரு மதில் சுவரையாவது எதிர்பார்த்துப் போயிருக்கிறேன் என்பது அங்கே போய் நின்றபோதுதான் தெரிந்தது.

குளத்தை ஒட்டி வெற்றிவேல் அம்மன் கோயில். நடை சாத்தியிருந்தது. மத்தியான நேரத்தில் கிராமத்துக் கோயிலில் வேறென்ன இருக்கும்? கம்பிக்கு வெளியே நின்று கும்பிட்டேன். சிலப்பதிகாரத்தில் நெடுஞ்செழியன் செத்த பிறகு கொற்கையில் இருந்த வெற்றிவேற்செழியன் கண்ணகியின் கோபம் தணிய ஆயிரம் பொற்கொல்லர்களைப் பலிகொடுத்தான் என்று வருமே, அந்தப் பெயர் இந்த அம்மனோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. உள்ளே பார்க்க முடியவில்லை. அடுத்து வன்னி மரம். ரெண்டாயிரம் வருஷத்து மரம் என்று ஊரில் சொல்கிறார்கள். வயது எப்படியோ, அதன் பட்டையில் கை வைத்தேன். காய்ந்த வண்டல் வெடித்துக் கிடப்பதுபோலப் பாளம் பாளமாக இருந்தது. வெடிப்புகளுக்குள் எறும்பு சாரி போய்க்கொண்டிருந்தது. அந்தப் பத்து நிமிஷம் சந்தோஷமாகத்தான் இருந்தேன். நிழல் இருந்தது. அங்கேயே உட்கார்ந்திருக்கலாம்.

ஆனால் வயல் பக்கம் அக்கசாலை ஈசுவரமுடையார் கோயில் இருக்கிறது, ஊரில் அக்கசாலைப் பிள்ளையார் கோயில் என்பார்கள். அக்கசாலை என்றால் காசு அடிக்கிற சாலை. நாணயம் அடித்த இடத்தின் பெயர் ஒரு கோயிலுக்குள் உயிரோடு இருக்கிறது என்றால் ஒரு வரலாற்று டீச்சரால் போகாமல் இருக்க முடியுமா? போன் மேப்பில் பார்த்தேன், கொஞ்ச தூரம்தான் என்று காட்டியது. யாரிடமும் கேட்கவில்லை. கேட்கத் தெருவில் ஆளும் இல்லை. பிசானம் அறுத்து முடிந்து வயலெல்லாம் வெடித்துக் கிடந்தது. வரப்பில் நடந்தேன். மேப் என்னை ஒரு வாய்க்கால் ஓரம் கொண்டுபோய் நிறுத்தி, அந்தப் பக்கம் போ என்றது. வாய்க்காலைத் தாண்ட வழி இல்லை. சுற்றிப் போகலாம் என்று உடைமரங்களுக்கு நடுவில் நுழைந்தேன். எங்கள் பக்கத்து உடைமுள் எப்படிப்பட்டது என்று சொல்லத் தேவையில்லை. செருப்பு அடியைத் துளைத்து ஏறியது. பிடுங்க இழுத்தபோது வார் அறுந்தது. முந்நூற்றைம்பது ரூபாய்ச் செருப்பு, பொங்கலுக்கு வாங்கினது.

இதற்கு நடுவில் ஒரு விஷயம், வெட்கப்படாமல் சொல்லிவிடுகிறேன். காலையில் இருந்து நான் குடித்தது ஒரு காபி, அரை டம்ளர் தண்ணீர். பையில் பாட்டில் இருந்தது, குடிக்கவில்லை. போகிற இடத்தில் பாத்ரூம் இருக்காதே என்ற பயம்தான். பெண்கள் எல்லோரும் செய்கிற காரியம் இது, யாரும் வெளியே சொல்வதில்லை. ஏரலில் பதநீர் விற்றார்கள், ஓலைப் பட்டையில் ஊற்றி ஊற்றிக் கொடுத்தார்கள், அதையும் இதே பயத்தில் வேண்டாம் என்றேன். மே மாதம், நடுப்பகல், வயல்வெளி, நாற்பத்தெட்டு வயசு, காலையில் போட்ட பிரஷர் மாத்திரை. முதலில் காதுக்குள் வண்டு பறக்கிற மாதிரி சத்தம். அப்புறம் வேர்வை நின்றுவிட்டது. வேர்வை நின்றதும் ‘பரவாயில்லையே, உடம்பு பழகிவிட்டதே’ என்று நினைத்தேன். அதுதான் ஆபத்தின் அடையாளம் என்று அப்புறம் டாக்டர் சொன்னார். போனை எடுத்தால் சூட்டில் கை வைக்க முடியவில்லை. ரெண்டு தடவை மினுக்கிவிட்டு அணைந்துபோனது. வரப்பிலேயே உட்கார்ந்து அழுதேன். இங்கே விழுந்தால் சாயங்காலம் ஆடு பத்திவருகிறவர்கள்தான் பார்ப்பார்கள் என்று நினைத்தபோது, அவர் சொன்ன “கொளமும் வாழையும்தான்” காதில் கேட்டது. அந்த நேரத்திலும் கோபம் வந்ததே, அதுதான் என்னை எழுப்பி நடக்கவைத்தது என்று நினைக்கிறேன்.

ஒரு கால் வெறுங்காலாக, குடையை ஊன்றிக்கொண்டு ஊர்க் கடைசி வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தேன். திண்ணையில் ஒரு ஆச்சி வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் உரலைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தார். “எம்மா, யாரு வீட்டுக்கு வந்திய? மொகம் ஏன் இப்படிக் கெடக்கு?” நான் ஏதோ தலைநகரம், கோயில் என்று உளறினேனாம். பிறகு அவரே சொல்லிச் சிரித்தார். கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்ப் படுக்கவைத்து, ஈரத் துண்டைக் கழுத்தில் போட்டார். சொம்பு நிறைய நீச்சத்தண்ணி, அதாவது பழைய சோற்றுத் தண்ணீர், உப்புப் போட்டு, ரெண்டு சின்ன வெங்காயத்தைத் தட்டிப் போட்டு. “மடக்கு மடக்குன்னு குடிக்காதிய, கொஞ்சங் கொஞ்சமா” என்று பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டார். அரைமணி கழித்து, கேட்கக் கூச்சப்பட்டு, பாத்ரூம் இருக்குமா ஆச்சி என்றேன். “இதக் கேக்கத்தான் இம்புட்டு நேரமா?” என்று கொல்லையைக் காட்டினார். அவ்வளவுதான் விஷயம். காலையில் முதல் வீட்டிலேயே இதைக் கேட்டிருக்கலாம்.

கொல்லையில் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஒரு குழி வெட்டிப் போட்டிருந்தார்கள், கழிவுநீர்த் தொட்டிக்காம். வெட்டி மேலே போட்ட மண்ணில் வெள்ளை வெள்ளையாக ஏதோ தெரிந்தது. குனிந்து பார்த்தால் சிப்பித் துண்டுகள். விரல் நகம் அகலத்தில், ஓரம் மழுங்கி, உட்பக்கம் இன்னும் லேசாகப் பளபளத்தது. ஆச்சியின் பேரன், ஒன்பதாவது படிக்கிறவன், “இங்கன எங்க தோண்டுனாலும் வரும் டீச்சர்” என்றான் சாதாரணமாக. இடையன்குடியில் இருந்த பாதிரியார் கால்டுவெல் இந்த ஊருக்கு வந்து தோண்டிப் பார்த்திருக்கிறார், கிரேக்கர்கள் எழுதிவைத்த கொல்கை இதுதான் என்று சொன்னார். தண்டனைக் கைதிகளை இறக்கி முத்துக் குளிக்கவைத்தார்கள் என்று அந்தக் காலத்துக் கிரேக்கக் கடல்வழிக் குறிப்பு ஒன்று இந்த ஊரைப் பற்றித்தான் சொல்கிறது. 1968-69இல் தமிழ்நாடு தொல்லியல் துறை தோண்டி எடுத்ததில் கரித்துண்டு ஒன்றின் காலம் கி.மு. 785 என்று வந்தது. எல்லாம் என் நோட்டில் இருக்கிறது. ஆனால் கடல் இங்கே இருந்தது என்று நான் நம்பினது அந்தக் குழி ஓரத்தில் நின்றபோதுதான். துண்டை எடுத்த இடத்திலேயே போட்டுவிட்டேன். அவனிடமும் தம்பி, காசு, ஓடு ஏதாவது கிடைத்தால் எடுத்து வைத்துக்கொள்ளாமல் பள்ளிக்கூடத்தில் சொல் என்றேன். தலையாட்டினான், செய்வானோ என்னவோ.

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று. ரெண்டரை மணி பஸ் போய்விட்டிருந்தது. செத்த போனில் யார் நம்பரையும் எடுக்க முடியவில்லை. மனப்பாடமாகத் தெரிந்தது அவர் நம்பர் ஒன்றுதான். பேரன் போனில் இருந்து கூப்பிட்டால் தெரியாத நம்பர் என்று நாலு தடவை எடுக்கவே இல்லை. ஐந்தாவது தடவை எடுத்து “யாருடே?” என்றார். ஏரலில் இருந்து ஆட்டோ வரவழைத்தார்கள், நானூறு ரூபாய். பையில் இருந்த ரொக்கம் இருநூற்றுச் சொச்சம். எல்லாம் போனில்தானே பணம் வைத்திருக்கிறேன்! மீதியைப் பேரன் தன் அப்பாவிடம் வாங்கி ஆட்டோக்காரருக்குக் கொடுத்தான். ஏரலில் ஒரு டாக்டர் வீட்டில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு படுத்தேன், நானூற்றைம்பது. வீட்டுக்காரர் பைக்கில் வந்து சேரும்போது விளக்கு வைத்துவிட்டார்கள். திட்டுவார் என்று பார்த்தேன், ஒன்றும் சொல்லவில்லை. அது இன்னும் மோசம். ரெண்டு பேரும் பஸ்ஸில்தான் வீடு திரும்பினோம், பைக் மறுநாள் வந்தது. லாட்ஜுக்குப் போன் போட்டு, உடம்பு முடியவில்லை, நாளைக்கு மாற்றித் தர முடியுமா என்று கேட்டேன். குற்றால சீசன் ஆரம்பிக்கிறது மேடம், முடியாது என்று வைத்துவிட்டார்கள். போகிறபோது ஆட்டோ 250, வருகிறபோது 400, செருப்பு 350, குளுக்கோஸ் 450, லாட்ஜ் 900. மொத்தம் 2350 ரூபாய். முந்நூறு ரூபாயை மிச்சம்பிடித்தவளின் கணக்கு இது.

இனி போகிறவர்களுக்கு. ஏரலிலேயே ஆட்டோ பேசிவிடுங்கள், போகவர, காத்திருக்க எல்லாம் சேர்த்து. பேசின தொகையை இறங்கும்போது இன்னொரு தடவை சொல்லி உறுதிப்படுத்திக்கொண்டு, நம்பரைக் காகிதத்தில் எழுதி வாங்குங்கள், போனில் மட்டும் வேண்டாம். ஆட்டோ இருந்தால் இன்னொரு லாபம், அந்தத் தம்பிகளுக்கு வயலுக்குள் எந்த வழியில் வண்டி போகும், கோயில் சாவி யாரிடம் இருக்கும் என்பதெல்லாம் தெரியும். மேப்புக்கு அது தெரியாது. ரொக்கமாக ஆயிரம் ரூபாய் தனியாக இருக்கட்டும். காலை எட்டு மணிக்குள் கொற்கையில் இருக்கிற மாதிரி கிளம்புங்கள், பத்தரைக்குள் திரும்பிவிடலாம். மே மாதத்தை விட்டுவிடுங்கள், கார்த்திகையில் இருந்து மாசி வரைக்கும் நல்லது, ஆனால் பெருமழை எச்சரிக்கை இருந்தால் ஆற்றங்கரைப் பக்கமே வேண்டாம், அண்ணாச்சி கடைச் சுவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஆடி அமாவாசைக்கு ஏரலில் சேர்மன் சாமி கோயில் கூட்டம், அன்றைக்கு வண்டி கிடைக்காது. வெயில் ஏறின பிறகு ஆதிச்சநல்லூர் போகலாம். அங்கே தோண்டின குழிகளுக்கு மேல் கண்ணாடி போட்டு, தாழிகளை இருந்த இடத்திலேயே வைத்திருக்கிறார்கள், மேலே கூரை இருக்கிறது. நான் பிறகு அவரோடு போய்ப் பார்த்தேன். காலடியில் தாழி வாயைத் திறந்துகொண்டு கிடப்பதைப் பார்த்து அவரே வாயை மூடிக்கொண்டார். பெண்களுக்கு மட்டும் ஒன்று. தண்ணீரைக் குடித்துவிடுங்கள். ஏரல் பஸ் ஸ்டாண்டில் போய்விட்டுக் கிளம்பலாம், அதற்கு மேல் தேவைப்பட்டால் ஏதாவது ஒரு வீட்டு வாசலில் நின்று கேளுங்கள். எங்கள் பக்கத்தில் இல்லை என்று சொல்லமாட்டார்கள்.

தென்காசிக்கு ஒரு வாரம் கழித்துக் காலை பாசஞ்சரில் போனேன், இந்தத் தடவை போய்விட்டு அன்றே திரும்புகிற மாதிரி. பகல் பன்னிரண்டுக்கு நடை சாத்தி நாலு மணிக்குத்தான் திறப்பார்கள் என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு. ஸ்டேஷனில் இருந்து நடக்கிற தூரம்தான், ஒன்பதரைக்கெல்லாம் கோபுர வாசலில் நின்றேன். அந்த வாசலில் அடிக்கிற காற்றைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள், முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டுதான் நுழைய வேண்டியிருந்தது. பராக்கிரம பாண்டியன் 1446இல் தொடங்கின கோயில். மதுரை கையைவிட்டுப் போன பிறகு மலையடிவாரத்தில் இருந்து ஆண்ட ராஜா. கோயிலுக்குப் பின்னாளில் பழுது வந்தால் அதைத் திருத்திக் காப்பவர்களின் காலில் விழுகிறேன் என்று பாட்டாகவே வெட்டிவைத்திருக்கிறான். பழுது வரத்தான் செய்தது. 1924இல் கோபுரம் தீயில் போனது, அறுபது வருஷத்துக்கு மேல் மொட்டையாக நின்று, இப்போது நாம் அண்ணாந்து பார்க்கிற ஒன்பது நிலைக் கோபுரம் 1990இல் குடமுழுக்கு கண்டது. எனக்கும் அந்தக் கோபுரத்தைவிட வயது அதிகம் என்று நினைத்தபோது சிரிப்பு வந்தது. சிற்பங்களைப் பார்க்கவே ரெண்டு மணி நேரம் வேண்டும், வீரபத்திரர் முன்னால் மட்டும் இருபது நிமிஷம் நின்றேன். உள்ளே குடிதண்ணீர் இருந்தது. மூன்று டம்ளர் குடித்தேன்.

ஆச்சி அன்றைக்கு என் அறுந்த செருப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு, தன் நீல ரப்பர் செருப்பைக் காலில் மாட்டி அனுப்பினார். பேரன் கொடுத்த பணத்தை மறுநாளே போனில் அனுப்பிவிட்டேன். செருப்பு இன்னும் எங்கள் வீட்டு வாசலில்தான் கிடக்கிறது. அடியில் ஒரு முள் ஒடிந்து இருக்கிறது, அதை எடுக்க அவர் ஊசி வைத்துக்கொண்டு ரெண்டு ஞாயிற்றுக்கிழமையாகப் போராடுகிறார். கார்த்திகையில் கொடுக்கப் போகிறோம், அல்வா வாங்கிக்கொண்டு. ஆறு மணி பஸ்.